வன்னி வெயிலுக்கு எந்த லோங்ஸ்? மவுன்டன் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

[காட்சி: இரணைமடுக் குளக்கட்டு, காலை வெயில். கிரவல் பாதையில் ஒரு சைக்கிள் போகிறது.]

வணக்கம். சோளகம் வீசத் தொடங்கிவிட்டது. இனிப் புரட்டாசி வரை வன்னியில் பெரிய மழையை எதிர்பார்க்க முடியாது. பகலில் 33, 34 பாகை செல்சியஸ் சாதாரணம். குளக்கட்டில் ஏறினால் ஒதுங்க நிழலும் இல்லை. இந்தக் காலத்தில் மவுன்டன் சைக்கிளோடு கிரவல் ரோட்டிலும் காட்டுப் பாதையிலும் இறங்குகிறவர்களுக்கு வரும் கேள்வி, காலில் என்ன போடுவது என்பதுதான். கட்டைக் காற்சட்டையா, நீளக் காற்சட்டையா?

என் பதில் நீளம். ஆனால் அலுமாரியில் இருக்கிற ஏதாவது ஒரு லோங்ஸை எடுத்துப் போட்டால் சரிவராது. அது மெல்லியதாக இருக்க வேண்டும், காற்று உள்ளே போய் வர வேண்டும், முள்ளுக்கும் நின்று பிடிக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்பதால், துணியையும் தையலையும் கொஞ்சம் கவனித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

[காட்சி: ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுப் பாதை. இருபுறமும் பற்றை.]

இந்த வெக்கையில் நீளம் எதற்கு என்று கேட்பீர்கள். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். வெயில் எவ்வளவு எரித்தாலும் காலை மூடிக்கொண்டுதான் போவார்கள். சூரை முள்ளின் வளைந்த கொக்கி தோலில் மாட்டினால், பின்னால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். நடந்து போகிறவர் நின்று எடுக்கலாம். சைக்கிளில் போகிறவருக்கு அது நீளமாகக் கிழித்துவிட்டுத்தான் விடும். விடத்தல், உடை, ஈச்சம் பற்றை எல்லாம் பாதையோரத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில்தான் நீட்டிக்கொண்டு நிற்கும். மாடுகள் படுக்கிற இடங்களில் உண்ணி வேறு.

அடுத்தது வெயில். சைக்கிளில் இருக்கும்போது தொடையின் மேல்பக்கமும் முழங்காலும் எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். முகத்துக்கும் கைக்கும் களிம்பு பூசுகிறவர்கள்கூடத் தொடையை மறந்துவிடுவார்கள். பூசினாலும் வியர்வையோடு வழிந்துவிடும், மிச்சத்தில் புழுதி ஒட்டும். நல்ல துணி காலை முதல் மாலை வரை அந்த வேலையைச் செய்யும். சில லோங்ஸின் லேபிளில் யூ.பி.எஃப். 50 என்று போட்டிருக்கும். புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டி உள்ளே வரும் என்று அதற்கு அர்த்தம்.

இன்னொன்று, நம் ஊர்ச் சவாரிகள் கோயிலடியில் நிற்காமல் முடிவதில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைக்க, வற்றாப்பளை அம்மனைக் கும்பிட, மடு மாதா கோயிலுக்குள் போக, கால் மூடியிருந்தால் எந்தச் சங்கடமும் இல்லை. சைக்கிள் ஓட்டும் பெண்பிள்ளைகள் பலர் நீளம்தான் வசதி என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம்.

[காட்சி: மேசையில் விரித்து வைத்த பலவகை லோங்ஸ். கமரா லேபிள்களைக் கிட்டக் காட்டுகிறது.]

வன்னியில் மவுன்டன் சைக்கிளுக்கென்றே தைத்த லோங்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலமாகத்தான் வருகிறது. லண்டனில் மாமா, ரொறன்ரோவில் சித்தி. அவர்கள் கடையில் "சம்மர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பாசத்தோடு வாங்கி அனுப்புவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த லேபிள் சொல்வது அவர்களுடைய கோடையை. சைக்கிள் உடுப்புச் செய்யும் எண்டூரா ஸ்கொட்லாந்துக் கம்பனி. அங்கே ஆடி மாதப் பகல்கூட 20 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். ஃபொக்ஸ், ட்ரோய் லீ இரண்டும் கலிஃபோர்னியாக்காரர்கள். அங்கே வெயில் உண்டு, ஆனால் பெரும்பாலும் வறண்ட வெயில். வியர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே இரண்டு பக்கமும் கடல். காற்று விழுந்துவிட்டால் ஒரே அவிச்சல்தான். இந்தக் கம்பனிகள் எல்லாமே நல்ல மெல்லிய லோங்ஸும் செய்கின்றன, தடித்ததும் செய்கின்றன. பெயரைப் பார்த்து எடுக்காமல் துணியைப் பார்த்து எடுங்கள்.

முதலில் தள்ளிவைக்க வேண்டியது மழைக்கான லோங்ஸை. லேபிளில் "வாட்டர்ப்ரூஃப்" என்றோ, எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று காட்ட 10,000 மில்லிமீற்றர் என்றோ இருந்தால், உள்ளே நீர் புகாத படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தப் படலம் வியர்வை ஆவியையும் மெதுவாகத்தான் வெளியே விடும். நம் வெயிலில் பத்து நிமிடத்தில் கால் நனைந்துவிடும். விலை கூடியது என்பதற்காக வைத்திருக்க வேண்டாம். மார்கழி மழைக்கு எடுத்து வையுங்கள்.

ஜீன்ஸும் வேண்டாம். வழக்கமான டெனிம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 400 கிராம். சைக்கிளுக்கான மெல்லிய லோங்ஸ் துணி அதில் மூன்றில் ஒன்றுதான், 120 முதல் 150 கிராம் வரை. பாரத்தை விடப் பெரிய பிரச்சினை ஈரம். காய்ந்ததாக நமக்குத் தெரியும் பருத்தியே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைக் காற்றில் இருந்து உறிஞ்சி வைத்திருக்கும். நைலோன் 4 சதவீதம் அளவில், பொலியெஸ்ரர் அரைச் சதவீதம்கூட இல்லை. வியர்வை பட்டதும் பருத்தி ஊறிப் பாரமாகி, தொடையோடு ஒட்டி, ஒவ்வொரு பெடலுக்கும் உரசும். அதோடு கிரவல் புழுதி சேர்ந்தால் உள்தொடைக்கு அரத்தால் ராவின மாதிரி. பருத்தி வீட்டில் உடுக்கச் சுகமான துணிதான். ஆனால் நாலு மணித்தியாலம் மிதிக்கிறவருக்கு அது உதவாது.

அப்போ பொலியெஸ்ரரா, நைலோனா? பொலியெஸ்ரர் கெதியாய்க் காயும், மலிவு. நைலோன் உரசலுக்கும் கிழிசலுக்கும் கூடுதலாக நிற்கும். முல்லைத்தீவுக் காட்டுப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு நான் நைலோனைத்தான் சொல்வேன். பரந்தன், கிளிநொச்சி வயல் வெளியிலும் வாய்க்கால் ரோட்டிலும் மட்டும் ஓடுகிறவர்களுக்குப் பொலியெஸ்ரர் தாராளமாகப் போதும். எதுவானாலும் இழுபடும் நூலான எலாஸ்ரேன் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். லேபிளில் ஸ்பான்டெக்ஸ் என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 8 முதல் 15 சதவீதம் இருந்தால், முழங்காலை மடக்கும்போது துணி இழுத்துப் பிடிக்காது.

[காட்சி: ஒருவர் துணியை வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். பிறகு அதில் வாயை வைத்து ஊதுகிறார்.]

லேபிள் கிழிந்திருந்தாலோ, புரியாத மொழியில் இருந்தாலோ, கையாலேயே பார்த்துவிடலாம். துணியை வாயோடு சேர்த்து வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். படவே இல்லையென்றால் அது படலம் ஒட்டிய துணி, அல்லது பூச்சுத் தடித்தது. அடுத்து வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஒளி மங்கலாகத் தெரிந்தால் நல்லது. சல்லடை போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெயிலும் வரும், முள்ளும் வரும். கடைசியாக, உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உடனே பரவினால் வியர்வையையும் அப்படித்தான் பரப்பிக் காயவைக்கும். முத்துப் போல நின்றால் வேண்டாம். வெளிப்பக்கத்தில் தண்ணீர் முத்தாக நிற்பதில் பிழையில்லை. அது மெல்லிய நீர் விலக்கும் பூச்சு, சேறு கழுவ உதவும்.

துணியில் சின்னச் சின்னச் சதுரக் கட்டம் தெரிந்தால் அது ரிப்ஸ்ரொப் நெசவு. கட்டத்துக்குக் கட்டம் தடித்த நூல் ஓடுவதால், முள் குத்தினாலும் ஓட்டை அந்தக் கட்டத்தைத் தாண்டி ஓடாது. அதே எடையில் மற்றத் துணியை விட இது கூடுதல் காலம் நிற்கும். பார்த்தால் விடாதீர்கள்.

வழவழப்பும் முக்கியம். நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் மயிர் எழும்பிய துணியில் அப்பிக்கொள்ளும். இறுக்கமாக நெய்த வழவழப்பான துணியில் கையால் தட்டினாலே உதிரும்.

[காட்சி: ஒரு லோங்ஸின் முன்பக்கம், பின்பக்கம். காற்றோட்ட ஓட்டைகள் கிட்டக் காட்டப்படுகின்றன.]

இனிக் காற்றோட்ட ஓட்டைகள். ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கடைக்காரர் லேசர் ஓட்டைகளைக் காட்டி, இதில் நல்லாய்க் காற்றுப் போகும் என்பார். எத்தனை ஓட்டை என்பதை விட, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓட்டையோ வலைத்துணியோ இருக்கவே கூடாது. முள் முதலில் மாட்டுவது அங்கேதான், முன்சக்கரம் கிளப்பும் செம்புழுதி உள்ளே போவதும் அங்கேதான். முழங்காலின் பின்மடிப்பு, உள்தொடை, இடுப்பின் பின்பக்கம், இந்த மூன்று இடத்தில் இருந்தால் அருமை. உடம்பின் சூடும் வியர்வையும் தேங்கி நிற்பது அந்த இடங்களில். தொடையின் முன்பக்கத்தில் சில ஓட்டைகள் இருந்தால் குளக்கட்டில் வேகமாகப் போகும்போது சுகமாக இருக்கும். ஆனால் மாங்குளம் பக்கத்து மணல் பாதையில் நடக்கிற வேகத்தில் உழக்கும்போது எதிர்க்காற்றே இருக்காது. அப்போது காப்பாற்றுவது தோலுக்கும் துணிக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். அதனால் தொடையில் கொஞ்சம் தளர்வாக எடுங்கள், கணுக்காலில் ஒடுங்கியதாக எடுங்கள். கணுக்கால் அகலமாக இருந்தால் செயினில் மாட்டும், கிறீஸ் பூசும்.

போட்டுப் பார்க்கும்போது நின்றபடி கண்ணாடியைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. குந்தி இருந்து பாருங்கள். இடுப்பின் பின்பக்கம் கீழே இறங்கக் கூடாது, முழங்காலில் இறுகக் கூடாது, கணுக்காலுக்கு மேல் ஒரு சாணுக்கு ஏறவும் கூடாது. நின்றால் கொஞ்சம் நீளமாகத் தெரியும் லோங்ஸ்தான் சீற்றில் இருக்கும்போது அளவாக இருக்கும்.

தையலைப் பார்க்கத் தெரியாது என்றால், தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வன்னியில் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அக்காமார், தங்கச்சிமார் இல்லாத கிராமம் குறைவு. லோங்ஸை உட்புறம் திருப்பி அவர்களிடம் கொடுங்கள். கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்கிறதா, அல்லது அங்கே தனித் துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் சொல்வார்கள். தனித் துண்டு வைத்ததைத்தான் வாங்க வேண்டும். நாலு தையல் சேரும் தடித்த புள்ளி சரியாக சீற்றில் அழுத்தி, தோலைப் புண்ணாக்கிவிடும்.

நிறம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு வெயிலை இழுக்கும். வெள்ளை ஒரே சவாரியில் செம்மண் நிறமாகும். சாம்பல், மண் நிறம், வெளிறிய பச்சை நல்லது. வெளிர் நிறத்தில் உண்ணி ஏறினாலும் உடனே கண்ணில் படும். உருமறைப்புப் போட்ட இராணுவ நிறத் துணியை மட்டும் வாங்க வேண்டாம். எங்கள் ஊர்களில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

பஞ்சு வைத்த உள்காற்சட்டை தனியாக வாங்கி உள்ளே போட வேண்டும். வலைத்துணியில் செய்ததாக எடுங்கள், அதற்குள் வேறு உள்ளாடை வேண்டாம்.

எவ்வளவு நல்ல லோங்ஸ் போட்டாலும் அது பாதையை விட்டு இறங்குவதற்கான அனுமதி அல்ல. சிவப்பு மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத ஒற்றையடிப் பாதை, இரண்டும் வேண்டாம். ஊரவர் தினமும் போகும் பாதையிலேயே ஓடுங்கள். யானை நடமாடும் பக்கங்களில் பொழுதுபட முன்னர் ரோட்டுக்கு வந்துவிடுங்கள்.

[காட்சி: தையற்கடை. கணுக்காலில் இலாஸ்ரிக் வைத்துத் தைக்கிறார்கள்.]

வெளிநாட்டில் இருந்து அனுப்ப ஆள் இல்லையா? கவலை வேண்டாம். வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் விளையாட்டுக்கும் மலையேற்றத்துக்கும் போடும் மெல்லிய நைலோன் லோங்ஸ் தேடினால் கிடைக்கும். மேலே சொன்ன மாதிரி ஊதிப் பார்த்து, தண்ணீர் விட்டுப் பார்த்து எடுங்கள். பிறகு தையற்கடையில், "அண்ணை, கணுக்காலை ஒடுக்கி ஒரு இலாஸ்ரிக் வைச்சு விடுங்கோ. வலது பொக்கெற்றுக்கு ஒரு சிப்பும் வேணும்" என்று சொல்லுங்கள். சைக்கிளுக்கென்று விற்பதற்கு மிகக் கிட்டவாக வந்துவிடும்.

கழுவும்போது துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் ஊற்ற வேண்டாம். அது நூலின் மேல் படிந்து, வியர்வை பரவுவதைத் தடுத்துவிடும். சாதாரணச் சவர்க்காரத் தூள் கொஞ்சம் போதும், இரண்டு முறை நன்றாக அலசுங்கள். வேலியில் வெயிலில் போடாமல் நிழலில் காயவையுங்கள். கடும் வெயில் நைலோனையும் எலாஸ்ரேனையும் கொஞ்சம் கொஞ்சமாக உக்கவைக்கும். அயன் போடவே வேண்டாம்.

மாமாவுக்கோ சித்திக்கோ அளவு அனுப்புகிறவர்கள் "மீடியம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஐரோப்பாவில் தைப்பதும் அமெரிக்காவில் தைப்பதும் ஒரே மீடியமாக இருப்பதில்லை. இடுப்பைத் தொப்புளுக்குக் கீழே, பெல்ட் கட்டும் இடத்தில் அளவுங்கள். தொடையை அதன் மிகத் தடித்த இடத்தில் அளவுங்கள். கவட்டில் இருந்து கணுக்கால் எலும்பு வரை உள்நீளத்தையும் எடுங்கள். மூன்றையும் சென்ரிமீற்றரில் எழுதி, அதோடு இதையும் சேர்த்து அனுப்புங்கள்: படலம் ஒட்டாதது, ஒரு சதுர மீற்றருக்கு 150 கிராமுக்கு மேற்படாத துணி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓட்டை இல்லாதது.