அளவு சொன்னால் கை வந்துவிடுமா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பொறுமையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய கேள்வி இதுதான்: சமைக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு உற்ற துணை சமையல் குறிப்பு நூலா, சமைக்கக் கற்றுக்கொண்ட கதையை ஒருவர் எழுதிவைத்த நினைவு நூலா? நாங்கள் நினைவு நூல் பக்கம். எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். அளவு இல்லாமல் சமையல் இல்லை என்றார். நினைவு நூலைப் படித்தால் மனசு நிறையும், வயிறு நிறையுமா என்று கேட்டார். ஞாபகம் பொய் சொல்லும், தராசு சொல்லாது என்றார். கைதட்டலும் பலமாக விழுந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். குறிப்பு நூலை எழுதுகிறவர் யார்? ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர். அவருடைய கை பழகிவிட்டது. பழகின கை என்ன செய்கிறது என்பதை அதற்கு உரியவரே கவனிப்பதில்லை. கவனிக்காததை எப்படி எழுதுவார்? "வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை ஐந்து நிமிடம் வதக்கவும்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். புதிதாகச் சமைக்க வந்தவர் அடுப்பு முன்னால் நிற்கிறார். ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. வெங்காயம் வெளிறிப்போய், கண்ணாடி மாதிரி கிடக்கிறது. பொன்னிறத்தைக் காணோம். தீயைக் கூட்டுகிறார். ஓரம் கருகுகிறது, நடுவில் பச்சை வாடை போகவில்லை. தனக்குச் சமையல் வராது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறார்.

அங்கே நடந்தது என்ன? வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றுகிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். சிவப்பதற்கோ அதைவிட நல்ல சூடு வேண்டும். முதலில் வாணலியில் சடசடவென்று பெரிய சத்தம் வரும். அது தண்ணீர் போகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்து மெலிதாகும். எண்ணெய் தனியாகத் தெரியும், வாசனை காரத்திலிருந்து இனிப்புக்கு மாறும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நன்றாகச் சிவக்கச் சிவக்க வேண்டுமென்றால் நாற்பது நிமிடம்கூட ஆகும். வாணலியின் அகலம், தீயின் அளவு, வெங்காயத்தின் ஈரம் எல்லாம் சேர்ந்துதான் நேரத்தை முடிவு செய்கின்றன. இதைக் காதும் மூக்கும்தான் கற்க வேண்டும், நடுவர் அவர்களே. நினைவு நூல் எழுதுகிறவர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டுவதில்லை. தனக்கு ஒன்றும் தெரியாமல் அடுப்பு முன்னால் நின்ற நாள் அவருக்கு மறக்கவில்லை. அந்த நாளைத்தான் அவர் எழுதவே உட்கார்ந்திருக்கிறார்.

எதிரணியில் அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஜூலியா சைல்டின் பெயரைச் சொன்னார்கள். 1961-இல் அவர் இரண்டு பிரெஞ்சுப் பெண்களோடு சேர்ந்து எழுதி வெளிவந்த பிரெஞ்சுச் சமையல் நூல் அமெரிக்க வீடுகளையே மாற்றிவிட்டது என்றார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஜூலியாவுக்கு இன்னொரு புத்தகம் இருக்கிறது. பிரான்சில் வாழ்ந்த நாட்களைப் பற்றிய நினைவு நூல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து 2006-இல் வந்தது. 1948-இல் பிரான்சில் கால் வைத்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. பெரிதாகச் சமைக்கத் தெரியாது. ரூவான் நகரத்தில் ஓர் உணவகத்தில், வெண்ணெயில் பொரித்த ஒரு மீனைச் சாப்பிட்டார். அவ்வளவுதான், அவருடைய வாழ்க்கை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பாரிசில் சமையல் பள்ளியில் சேர்ந்தார். முதல் தடவை தேர்வில் தோற்றார்! பெரிய பெரிய பண்டங்களுக்குத் தயாராகிக்கொண்டு போனவரிடம், பள்ளியின் சின்னக் கையேட்டில் இருந்த ஆரம்பப் பாடத்தைக் கேட்டுவிட்டார்கள். அதை அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை. வந்த கோபத்தையும் அவமானத்தையும் மறைக்காமல் எழுதுகிறார்.

அதே புத்தகத்தில் இன்னொரு நாள். தோழி ஒருத்தியை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார். முட்டையும் கீரையும் சாஸும் சேர்ந்த ஒரு பண்டம். மாவை அளக்காமல் கைக்கு வந்தபடி போட்டார், சாஸ் பசை மாதிரி ஆகிவிட்டது. வேண்டிய கீரை கிடைக்காமல் வேறொன்றை வாங்கினார், அதுவும் வாய்க்கு விளங்கவில்லை. வந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். ஜூலியாவும் மன்னிப்புக் கேட்கவில்லை. சமைத்தவர் சாக்குச் சொல்லக் கூடாது, நன்றாக வரவில்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதிலிருந்துதான் ஒரு கொள்கையே வைத்துக்கொண்டார்.

"பாருங்கள், மாவை அளக்கவில்லை, அதனால்தான் கெட்டது" என்று எதிரணி நண்பர்கள் இப்போது சிரிக்கிறார்கள். சரி, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்! "மாவை அளந்து போடவும்" என்று எந்தக் குறிப்பு நூலிலும் இருக்கும். நாம் கேட்டோமா? அந்த மதியச் சாப்பாட்டைப் படித்தவர் மாவை அளக்காமல் போடவே மாட்டார். கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொள்வார். ஒரு நாள் சமையல் கெட்டுப்போனால் உலகம் முடிந்துவிடாது, மறுநாளும் அடுப்பு பற்ற வைக்கலாம். புதிதாகச் சமைக்கிறவருக்கு உப்பு எவ்வளவு என்பதைவிட இந்தத் தைரியம்தான் முதலில் வேண்டும். எந்தக் குறிப்பின் பொருள் பட்டியலில் இது இருக்கிறது?

அடுத்து, ருசி. மதுர் ஜாஃப்ரியை எடுத்துக்கொள்வோம். டெல்லியில் பிறந்து, ஐம்பதுகளில் நடிப்புப் படிக்க லண்டன் போனவர். பின்னாளில், 1973-இல் இந்தியச் சமையல் பற்றிய அவருடைய முதல் நூல் வந்து, உலகமே அவரிடம் சமையல் கற்றது. ஆனால் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவருக்குச் சமைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சமையல் தேர்விலும் தோற்றுவிட்டதாகவே நினைவுகூர்கிறார். லண்டனில் சாப்பாடு வாய்க்குப் பிடிக்காமல் அம்மாவுக்குக் கடிதம் போட்டார். அம்மா விமானத் தபாலில் பதில் எழுதினார். சின்னச் சின்னக் குறிப்புகள், சில வரிகள்தான். அதை வைத்துச் சமைத்தார், வந்துவிட்டது.

எப்படி வந்தது? அந்தக் கடிதத்தை முன்பின் அந்த ருசி தெரியாத ஒருவரிடம் கொடுத்திருந்தால் வந்திருக்குமா? மதுருக்கு வீட்டுச் சாப்பாட்டின் ருசி நாக்கில் இருந்தது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியும். உப்புக் குறைவா, புளிப்புக் கூடுதலா, இன்னும் கொஞ்சம் வேக வேண்டுமா, எல்லாவற்றையும் நாக்கு சொன்னது. அம்மாவின் வரிகள் வழியை மட்டும் காட்டின. அதனால்தான் சாப்பிட்டதையும் ஆசைப்பட்டதையும் பற்றிய எழுத்து சமையல் பாடம் இல்லை என்று சொன்னால் எனக்கு ஏற்க முடியவில்லை. நல்ல சாப்பாட்டுக்கு ஏங்கத் தெரியாதவருக்கு எத்தனை கிராம் என்று சொல்லி என்ன பயன்?

ஞாபகம் பொய் சொல்லும் என்றார்கள். சொல்லும்தான். ஆனால் ஜூலியாவின் நினைவு நூலுக்கு அடிப்படை வெறும் ஞாபகம் இல்லை. அவரும் கணவரும் அன்றன்றைக்குக் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள், கணவர் எடுத்த படங்கள் எல்லாம் கையில் இருந்தன. கணவரின் இரட்டைச் சகோதரருடைய பேரன் கூடவே உட்கார்ந்து எழுதினார். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும் என்று எழுதுகிற புத்தகத்தைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

எதிரணியில் கடைசியாகப் பேசிய சகோதரி ஒரு சான்று சொன்னார். கேட்டு என் நெஞ்சு கனத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த யூதப் பெண்கள், பட்டினியிலும் சமையல் குறிப்புகளைத்தான் எழுதிவைத்தார்கள் என்றார். உண்மை. மினா பெக்டர் என்ற அம்மா 1944-இல் அங்கேயே இறந்தார். மகளிடம் சேர்க்கச் சொல்லி அவர் ஒப்படைத்த கையெழுத்துப் பிரதி, பல கைகள் மாறி, கால் நூற்றாண்டு கழித்து நியூயார்க்கில் மகளிடம் போய்ச் சேர்ந்தது. 1996-இல் ஆங்கிலத்தில் நூலாகவும் வந்தது.

அந்தச் சகோதரி ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் குறிப்புகளில் பலவற்றைப் படித்து அப்படியே சமைக்க முடியாது. சிலவற்றில் பொருள் விட்டுப்போயிருக்கிறது, சிலவற்றில் செய்முறையில் ஒரு படியே காணோம். எழுதியவர்கள் பசியில் இருந்தார்கள், பலவீனமாக இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சமையல் சொல்லி, "அப்படி இல்லை, இப்படித்தான்" என்று வாதாடினார்களாம். அவர்களிடம் அடுப்பும் இல்லை, மாவும் இல்லை, முட்டையும் இல்லை. இருந்தது தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஞாபகம். வடிவத்தில் அது குறிப்பு நூலாக இருக்கட்டும், எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். அதை ஒரு மகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பொருளாக்கியது எது? அளவா? இந்தச் சான்றை எங்கள் அணிக்குத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று. கேக், ரொட்டி என்று வரும்போது அளவு தப்பினால் பண்டமே தப்பிவிடும், அங்கே தராசுதான் ராஜா. அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த மதிப்பெண்ணை எதிரணிக்குக் கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே. வெங்காயத்துக்கும், தேர்வில் தோற்ற இரண்டு பெண்களுக்கும், அந்த மகளுக்குமான மதிப்பெண்களை எங்கள் பக்கம் போடுங்கள். நன்றி, வணக்கம்.