அரை கிலோ

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மனந்திரும்புதலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் போதகர் இல்லை. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். இப்போது சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பேசுகிறேன். அந்த இடம் ஒரு தராசு.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். அன்றிலிருந்து எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் பழம் பறிப்பது மட்டும் இன்னும் கைவேலைதான். ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. சிவந்ததைப் பறித்துக்கொண்டு பச்சையை விட்டுவிட வேண்டும், பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். கார்த்திகையில் தொடங்கினால் தை வரைக்கும் இதே வேலை. சில்வர் ஓக் மர நிழலில், ஈரத்தில், அட்டைக்கடியில் காலையிலிருந்து நின்று பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மூட்டைகள், பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர் இயந்திரம் இருக்கிற கொட்டகைக்கு வரும். வாசலில் உத்தரத்திலிருந்து தராசு தொங்கும். கூலி கிலோ கணக்கில். எடை போட்டு எழுதுகிறவன் நான். பழைய உரச்சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தச் சாக்கு கால் கிலோகூட வராது. நான் "சாக்கு, ஈரம், இலை" என்று சொல்லி மூட்டைக்கு அரை கிலோ கழிப்பேன். எஸ்டேட் பேரேட்டில் முழு எடையையும் ஏற்றிவிடுவேன். கழித்ததை எல்லாம் சேர்த்து, வேலைக்கே வராத ஒரு பெயரில் எழுதி, சனிக்கிழமை அந்தக் கூலியை நானே எடுத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு 40 மூட்டை என்றால் 20 கிலோ. ஆறு பருவம் இப்படிச் செய்தேன். யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

நேயர்களே, இதே காலத்தில் ஒரு ஞாயிறுகூட நான் ஆராதனைக்குத் தவறியதில்லை. பிறப்பிலேயே கிறிஸ்தவன். குழந்தையில் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல், அப்புறம் திருச்சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர். மனந்திரும்புதல் என்றால் வேறு மதத்திலிருந்து எங்கள் மதத்துக்கு வருகிறவர்களுக்கான காரியம் என்றே நினைத்திருந்தேன். பெயர் மாற்றுவதும் பதிவேட்டில் பெயர் ஏறுவதும்தான் அது என்றால், எனக்கு அதில் செய்ய எதுவும் மிச்சம் இல்லை. எல்லாம் பிறக்கும்போதே முடிந்துவிட்டது.

1998 மார்கழியில் ஒரு நாள். ஒரு ஆயா, எழுபதை ஒட்டிய வயது, மூட்டையைக் கொண்டுவந்து மாட்டினார். முள் 31ல் நின்றது. அவருக்குக் கண் மங்கல், எழுத்தும் தெரியாது. ஆகவே அவரிடம் அரை கிலோவோடு நான் நிறுத்துவதில்லை. "29" என்று சத்தமாகச் சொல்லி எழுதினேன். அவர் நகரவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். விரலெல்லாம் பழச்சாறு கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. "நெறயப் பறிச்ச மாதிரி இருந்துதுங்க கணக்கய்யா. கை ஓஞ்சுபோச்சாட்டம் இருக்குது. இனிமே நம்மால ஆகாதுங்க" என்றார்.

என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் ஒரு அதட்டுப் போட்டு அனுப்பியிருப்பேன். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார். என் பொய்யை அந்தக் கைகள் தம்மேல் போட்டுக்கொண்டன.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஞாயிறு. பிள்ளைகளுக்குப் பாடம், பைபிளில் வரும் சகேயுவின் கதை. எத்தனையோ வருடம் நடத்திய பாடம்தான். குள்ளமான மனுஷன், கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியவில்லை, ஓடிப்போய்க் காட்டத்தி மரத்தில் ஏறினான். பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நடிக்கவைத்தால் பாடம் முடிந்துவிடும். அன்றைக்கு லூக்கா 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கும்போது 8ஆம் வசனத்தில் நாக்கு நின்றுவிட்டது. ஒருவனிடத்தில் அநியாயமாய் வாங்கினது உண்டானால் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். மரத்தையே காட்டிக்கொண்டிருந்த நான் அந்த வசனத்தை அவ்வளவு வருடமும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

பிற்பாடு ஒரு பெரியவர் எனக்கு இதை விளக்கினார். மோசேயின் சட்டப்படி, ஏமாற்றினவன் தானாக வந்து ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். லேவியராகமத்திலும் எண்ணாகமத்திலும் இருக்கிறது. நாலு மடங்கு யாருக்கு? ஆட்டைத் திருடி விற்றவனுக்கு. சகேயு ஆயக்காரருக்குத் தலைவன், அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கிறவன். கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது என்று சொல்லித் தப்ப வழி இருந்தது. அவன் அந்த வழியில் போகாமல், திருடனுக்கு உள்ள அபராதத்தைத் தானே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டான். நான் திருடன் என்று ஊர் கேட்க ஒப்புக்கொண்டதற்குச் சமம் அது.

இதில் வரிசை முக்கியம், அதை விட்டுவிட்டால் எல்லாமே தப்பாகிவிடும். சகேயு பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. அவன் இன்னும் மரத்தில் இருக்கும்போதே, கையில் அத்தனை பாவப்பணமும் இருக்கும்போதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். ஊரே முணுமுணுத்தது. தன்னைத் தேடி ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில்தான் அவன் கைமுஷ்டி விரிந்தது. கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி மூலம் கடவுள் சொன்னது இதைத்தான் என்று நம்புகிறேன். எடுப்பதும் அவர், கொடுப்பதும் அவர். நம் பங்குக்கு வலிதான். சதைக்குத்தானே வலிக்கும்.

எனக்கும் அப்படித்தான். அந்த ஞாயிறு பிள்ளைகள் போன பிறகு காலி வகுப்பில் உட்கார்ந்து அழுதேன். பயத்தால் இல்லை. இத்தனை வருடமும் தெரிந்தே என்னை விட்டுவிடாமல் இருந்திருக்கிறாரே என்ற நினைப்புத்தான் என்னை உடைத்தது.

சரி, அழுகை எளிது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏங்க, அந்தக் காசுல வாங்குனது எது எதுன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். டி.வி. பெட்டி, ஒரு பீரோ, மகளுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கின வெள்ளிக் கொலுசு. அவள் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் காலில் இருந்து திருகாணியைத் திருகிக் கொலுசைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்தச் சலங்கைச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நினைவில் இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். 12,600 ரூபாய் வந்தது. நாலத்தனை என்னால் முடியவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 15,120. கொலுசும் பீரோவும் போக, மீதியை இரண்டு வருடத்தில் அடைத்தேன். மேனேஜரிடம் முதலில் சொன்னேன். வேலை போனது. அது நியாயம்.

மனம் திரும்பிய அன்றே மனிதன் முழுசாக மாறிவிடுவான் என்று சாட்சிக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை, பலருக்கும் நடப்பதில்லை. ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அடிமை வியாபாரத்தில் ஊறினவர். 1748 மார்ச்சில் நடுக்கடலில் புயலில் மாட்டி, கப்பலுக்குள் தண்ணீர் ஏறும்போது கடவுளைக் கூப்பிட்டார். தன் மனந்திரும்புதலை அந்த நாளிலிருந்துதான் அவர் எண்ணினார். ஆனால் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பலுக்குத் தலைவனாகப் போய்வந்தார். மேல்தட்டில் ஜெபம், கீழ்த்தட்டில் சங்கிலி. 1764ல் குருவானவரும் ஆகிவிட்டார். அந்த வியாபாரம் எவ்வளவு கொடுமை என்பதை, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு, அச்சில் வெளிப்படையாக எழுதியது 1788ல். புயலுக்கும் அதற்கும் இடையில் 40 வருடம். அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1807ல் வந்தது, அதே வருடம் அவர் இறந்தார்.

புயலில் நடந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். விதை உண்மை. ஆனால் அந்த 40 வருடத்தில் கீழ்த்தட்டில் கிடந்தவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது. நம் மனந்திரும்புதல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குத்தான் இதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். திருச்சபைக்குள் சாதி பார்த்துக்கொண்டே திருவிருந்துப் பந்தியில் அப்பம் வாங்குகிறோமே, அதுவும் கீழ்த்தட்டுதான்.

எனக்குள் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் மாறியது கண். முன்பு மூட்டைகள் வரும், மூட்டைக்குக் கீழே யார் என்று பார்த்ததில்லை. பணம் கொடுக்கப் போனபோதுதான் வீடுகளைப் பார்த்தேன், அவர்கள் பெயரைப் பெயராகச் சொல்லக் கற்றேன். முன்பு என் ஜெபம் நீளமாக இருக்கும், இப்போது சுருங்கிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. மகளைக் கேட்டால் சொல்லுவாள். அதற்காகத் தினமும் மன்றாடுகிறேன்.

எல்லா வீட்டிலும் வரவேற்பு இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு, "உங்க சாமி உங்கள மன்னிச்சிருக்கலாம், நான் மன்னிக்கல" என்று கதவைச் சாத்தினார். அவர் மனைவி அந்தப் பருவத்தில் மருந்துக்குக் காசில்லாமல் கிடந்தவர். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பெயரை இன்றும் ஜெபத்தில் சொல்கிறேன்.

அந்த ஆயா வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். முகம் பார்க்கத் தைரியம் இல்லை. வாசலில் உட்கார்ந்து பேரனுக்குச் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். அந்த மார்கழியோடு பழம் பறிக்கப் போவதை நிறுத்திவிட்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். 31 கிலோவை 29 என்று எழுதியதையும் சொன்னேன். பணத்தைக் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. சோளத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அப்ப என் கை ஓயலீங்களா?" என்றார்.

"ஓயல, ஆயா. 31 கிலோ."

"முப்பத்தொண்ணா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி மருமகளைச் சத்தமாகக் கூப்பிட்டார்.