யூகான் ஆற்றில் ஏழாண்டுத் தடை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆற்று மீன்வளத்தைக் காக்கும் சட்டங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். ஒரே ஓர் ஆற்றை எடுத்துக்கொண்டு, அங்கே விதிகள் எவற்றைக் கணக்கில் கொண்டன, எவற்றைக் கோட்டைவிட்டன, இறுதியில் யார் தலையில் போய் விடிந்தன என்று பார்ப்பதே பயன் தரும் என நினைக்கிறேன். நான் எடுத்துக்கொள்வது யூகான்; சினூக் என்னும் சால்மன் மீனைப் பிடிக்க ஏழாண்டுத் தடை போடப்பட்ட ஆறு. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைக் குறுக்காகக் கடந்து, ஏறத்தாழ 3,190 கிலோமீட்டர் ஓடிப் பெரிங் கடலில் கலக்கும் ஆறு அது.

பசிபிக் சால்மன் இனங்களில் மிகப் பெரியதான சினூக், அந்த ஆற்றின் தலைமடையிலுள்ள சரளைப் படுகைகளில் பிறந்து, கடலில் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறந்த இடத்துக்கே திரும்பி முட்டையிட்டு மடிகிறது. ஆற்றுக்குள் நுழைந்த பின் அது இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே முழுத் தொலைவையும் நீந்தியாக வேண்டும். கரையோரப் பழங்குடி மக்கள் கோடையில் முகாமிட்டு, அந்தக் கொழுத்த மீனைக் கீறிப் புகையில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்து வந்தார்கள். யூகானுக்கு வரும் சினூக்கில் ஏறத்தாழப் பாதி எல்லைக்கு அப்பால் கனடாவில் பிறந்தது. ஆகவே கீழ்ப்பகுதியில் விரிக்கப்படும் ஒவ்வொரு வலையும் மேல்பகுதியின் அடுத்த தலைமுறையைத் தொடுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1985ஆம் ஆண்டின் பசிபிக் சால்மன் ஒப்பந்தத்துடன் யூகானுக்கென ஓர் உடன்பாட்டை அமெரிக்காவும் கனடாவும் 2002இல் இணைத்தன. எல்லையைக் கடந்து முட்டையிடும் இடத்தை அடைய வேண்டிய மீன்களுக்கு ஓர் எண்ணிக்கை வகுக்கப்பட்டது; பின்னாளில் அது 42,500 முதல் 55,000 வரை என்று நின்றது.

எண்ணிக்கை என்பது நிர்வாகத்துக்கு வசதியானது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் பைலட் ஸ்டேஷன் என்னும் ஊரருகிலும், எல்லையை ஒட்டி ஈகிள் என்னும் ஊரருகிலும் ஒலியலைக் கருவிகள் கடந்து செல்லும் மீன்களை எண்ணுகின்றன. ஆனால் ஆயிரம் மீன் கடந்தது என்றால் அவற்றில் எத்தனை பெரிய பெட்டை என்ற கேள்வியை வெறும் எண்ணிக்கை கேட்பதில்லை. பல பதிற்றாண்டுகளாக அங்கே எட்டு அங்குலத்துக்கும் மேற்பட்ட கண்ணியுள்ள செவுள் வலைகள், அதாவது மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் வலைகள், புழங்கின. அகன்ற கண்ணியில் சிறு மீன் நழுவிவிடும், பெரியது சிக்கும். பெரியவற்றுள் மிகுதியும் வயது முதிர்ந்த சினை மீன்கள். உடல் பெருக்கப் பெருக்க முட்டையும் பெருகும், சரளையை ஆழமாகத் தோண்டும் வலிமையும் கூடும். யூகான் சினூக்கின் உடலளவு குறைந்து வந்ததற்குக் கடலின் மாற்றங்களுக்கும் பங்குண்டு என்றாலும், பெரியவற்றையே பொறுக்கி எடுத்த வலையைக் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. கண்ணியின் உச்ச அளவை ஏழரை அங்குலமாகக் குறைக்கும் விதி 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. என் பார்வையில், மீன் வளமாக இருந்தபோதே இட்டிருக்க வேண்டிய விதி இது. அன்று இட்டிருந்தால் எவர் வீட்டு அடுப்பும் அணைந்திருக்காது.

அதன் பின் வீழ்ச்சி வேகமெடுத்தது. 2019 கோடையில் ஆறு வழக்கத்தை மீறிச் சூடேறியது. இதயத்தையும் தசையையும் தாக்கும் இக்தியோஃபோனஸ் என்னும் ஒட்டுண்ணி நோயும் பரவியது. 2022இல் ஈகிளைக் கடந்த சினூக் ஏறத்தாழ 12,000 மட்டுமே. வணிக மீன்பிடிப்பு முன்பே நின்றுபோயிருந்தது. அதையடுத்து வீட்டுத் தேவைக்கான மீன்பிடிப்பும் மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 1 அன்று அலாஸ்கா மாநிலமும் கனடாவின் மீன்வளத் துறையும் கையெழுத்திட்ட உடன்பாடு, கனடாவில் பிறந்த சினூக்கைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. ஏழாண்டு என்பது அந்த மீனின் முழு வாழ்க்கைச் சுழற்சி. எல்லையை எட்ட வேண்டிய மீன்களுக்கு அந்த உடன்பாடு வகுத்த புதிய இலக்கு 71,000.

இந்தத் தடை தேவையா என்றால், தேவைதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல பழங்குடி அமைப்புகள் தங்களைக் கலந்து பேசாமலே முடிவெடுத்தார்கள் என்று எதிர்த்ததை வெறும் மனத்தாங்கல் என்று ஒதுக்கவும் இயலாது. ஆற்றில் ஒரு சினூக்கைக்கூடப் பிடிக்கக் கூடாது என்னும் அதே காலத்தில், பெரிங் கடலில் பொல்லாக் மீனைப் பிடிக்கும் இழுவைக் கப்பல்களின் வலைகளில் சினூக்கும் சேர்ந்து சிக்குகிறது. 2007இல் அப்படிச் சிக்கியவை 1,20,000க்கும் மேல். 2011 முதல் 60,000 என்ற உச்சவரம்பு வந்தது. வரத்து குறைந்த ஆண்டுகளில் அதை 45,000 ஆக இறக்கும் திருத்தம் 2016இல் சேர்ந்தது. நேர்மையாகச் சொல்வதானால், மரபணுச் சோதனைகளின்படி அவ்வாறு சிக்குபவற்றில் யூகானின் மேல்பகுதியைச் சேர்ந்தவை ஒரு சிறு பங்கே. கப்பல்களை முற்றிலும் நிறுத்தினாலும் யூகான் உடனே நிரம்பிவிடாது. எனினும், கரையில் இருப்பவனுக்குச் சுழியமும் கடலில் இருப்பவனுக்கு ஆயிரக்கணக்கிலான வரம்பும் என்று எழுதப்பட்ட விதியை அந்தக் கரையோர மனிதர் எப்படித் தம்முடையதாக ஏற்பார்? ஒதுக்கமான அத்தனை நீண்ட ஆற்றில் காவலர்களைக் கொண்டு மட்டும் ஒரு தடையைக் காப்பாற்றிவிட முடியாது. கரையிலிருப்பவர்களின் இசைவுதான் அதைக் காப்பாற்றும்.

ஆகவே மூன்று செய்திகளை வலியுறுத்துவேன். தடை நீங்கும் நாளில் எத்தனை மீன் என்பதோடு எத்தனை பெரிய பெட்டை மீன் என்பதும் இலக்காக எழுதப்பட வேண்டும். சினூக்கை உயிரோடு திருப்பி விடக்கூடிய கைவலையும், ஆற்றோட்டத்தில் சுழன்று மீனை அள்ளும், ஆள் நின்று கவனிக்கும் மீன்சக்கரமும் பிற சால்மன் இனங்களுக்கு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டு வந்துள்ளன. செவுள் வலை மீண்டும் இறங்குவதற்கு முன் இவற்றுக்கே முதலிடம் தர வேண்டும். கடலின் உச்சவரம்பும் ஆற்றின் தடையும் இன்று வெவ்வேறு அவைகளில் முடிவாகின்றன. 2030க்குப் பிந்தைய விதியை எழுதும்போது இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, அந்த மேசையில் ஆற்றங்கரை மக்களுக்கு வாக்குரிமையுள்ள இடம் தர வேண்டும். அதற்கான பேச்சு தடை முடியும் ஆண்டில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். இப்போதே தொடங்க வேண்டும்.