எழுத்தைச் சொல்லித் தர்றது ஸ்கூலு, படிக்க வெக்கிறது வீடு

நடுவர் ஐயாவுக்கும், இவ்ளோ நேரமா பனியில உக்காந்துகினு இருக்கற எங்க வேலூர் ஜனங்களுக்கும் வணக்கம்ங்க. சின்னப் புள்ளைங்களுக்குப் படிக்க வர்றது ஸ்கூலாலயா வீட்டாலயான்னு தலைப்பு, நான் வீட்டாலதான்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின டீச்சரம்மா ஒரு கேள்வி கேட்டுட்டு உக்காந்தாங்க, நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. "எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அம்மா புள்ளைக்கு எப்படிங்க படிக்கச் சொல்லித் தருவாங்க?" நல்ல கேள்விதாங்க, அதுக்கு பதில் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம்.

எங்க ஆயா கைநாட்டு. குடியாத்தத்துல பீடி சுத்தினவங்க. எனக்குப் படிக்க வந்தது அவங்களாலதான்.

மூணாவது படிக்கிற வரைக்கும் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தனித்தனியா எழுத்தைக் காட்டினா சொல்லிடுவேன், சேத்துப் படின்னா வாய் கட்டிக்கும். கிளாஸ்ல எழுப்பி விட்டா கண்ணுல தண்ணி வந்துடும். இது தேறாதுன்னு என் காதுபடவே சொன்னவங்க உண்டு, அது யாருன்னு இப்போ எதுக்கு. எங்க வீட்டு செவுத்துல மளிகைக் கடையில குடுத்த தினசரி காலண்டர் ஒண்ணு தொங்கும். அதுல அடியில பன்னெண்டு ராசி போட்டு ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரே ஒரு வார்த்தை இருக்கும் பாருங்க, லாபம், பயம், வரவு, மறதின்னு, அதான் எனக்கு பாடப் புத்தகம். காலைல எழுந்ததும் ஆயா மடியில முறத்தை வெச்சிகினு எலை வெட்டிகினே கேக்கும், "எனுக்கு இன்னா போட்டுகீது, பாத்து சொல்லு." ஆயாவுக்கு கடகம். தாத்தாவுக்கு விருச்சிகம், அந்த ராசி பேரைப் படிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நான் "லா... ப... ம்"னு இழுத்து இழுத்து முடிச்சதும் ஆயா என்னா சொல்லும் தெரியுமா? "கத்திரி சத்தத்துல காதுல வுழல, இன்னொரு வாட்டி படி." ரெண்டாவது வாட்டி படிக்கும்போது கூட்ட வேண்டிய அவசியமே இருக்காது, லாபம்னு நேரா வந்துடும். தெனமும் இதேதான், தெனமும் காதுல வுழாது.

இந்தப் பட்டிமன்றத்துக்காக கொஞ்சம் தேடிப் படிச்சிட்டு வந்தேங்க. திரும்பத் திரும்ப அதே பகுதியைப் படிக்க வெச்சா புள்ளைங்களுக்கு சரளமா வருதுன்னு 1979-லயே அமெரிக்காவுல சாமுவேல்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் எழுதியிருக்காரு. ஆயாவுக்கு அவரைத் தெரியாது. கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தா புள்ள படிக்கும்ங்கறது மட்டும் தெரிஞ்சிருக்கு.

ஒருநாள் கடகத்துக்கு "சிரமம்"னு போட்டிருந்துச்சு. படிச்சிட்டேன், அர்த்தம் புரியல, கேட்டேன். "காலைலேர்ந்து கொனிஞ்சி குந்திகினு சுத்தறனே, முதுவு வுட்டுப் போவுதே, அதுக்குப் பேருதான்"னு சொல்லுச்சு. நடுவர் ஐயா, இந்த எடம் முக்கியம். எழுத்தை நான் படிச்சேன், அர்த்தத்தை ஆயா குடுத்துச்சு, ரெண்டும் சேந்தாத்தான் அதுக்குப் படிப்புன்னு பேரு. 1986-ல கஃப், டன்மர்னு ரெண்டு பேரு இதையேதான் சொன்னாங்க, எழுத்தை ஒலியா மாத்தத் தெரியறது ஒரு பாதி, அந்த பாஷை காதுக்குப் புரியறது மறுபாதி, ரெண்டையும் பெருக்கணும், ஒண்ணு சைபர்னா மொத்தமும் சைபர்னு. முதல் பாதி ஸ்கூலோட வேலை, ஒத்துக்கறேன். ரெண்டாவது பாதி எங்கேர்ந்து வருது? புள்ள ஒண்ணாவதுல போய் உக்கார்றதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் யார் பேச்சைக் கேட்டு வளந்துச்சு?

நம்ம தமிழ்ல வீட்டோட பங்கு இன்னும் அதிகம்ங்க. 247 எழுத்துன்னு பயமுறுத்துறோம், ஆனா 12 உயிரும் 18 மெய்யும் புடிபட்டுட்டா மத்தது வந்துடும். கஷ்டம் வேற எடத்துல இருக்கு. கல்லுலயும் க, மகன்லயும் க, தங்கத்துலயும் க, மூணுக்கும் ஒரே எழுத்து, சத்தம் மூணு. அந்த வார்த்தையை முன்னாடியே காதால கேட்டிருந்தாத்தான் புள்ள சரியான சத்தத்தைப் புடிக்கும். அதுவுமில்லாம நாம வீட்டுல "வந்துச்சு"ன்றோம், புத்தகத்துல "வந்தது"ன்னு இருக்கு, நாம "இன்னா"ன்றோம், அங்க "என்ன". நம்ம பக்கத்துல வீட்டுல தெலுங்கு பேசற புள்ளைங்க இருக்கு, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் உருது பேசற புள்ளைங்க இருக்கு, அதுங்களுக்குப் புத்தகத் தமிழு இன்னும் ஒரு படி தள்ளி. யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கதையைப் படிச்சிக் காட்டினா அந்தத் தூரம் கொறையும். தமிழ் தெரியாத அம்மாவா இருந்தா அவங்க பாஷையிலயே கதை சொல்லட்டும், கதை எப்படி போகும்னு தெரிஞ்ச புள்ளைக்கு எந்தப் புத்தகமும் அந்நியமா இருக்காது.

ஸ்கூலை நான் கொறை சொல்ல வரல. ஆசிரியருங்க படற பாடு எனக்குத் தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 புள்ளைங்க வரைக்கும் இருக்கற தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு டீச்சர். அஞ்சு கிளாஸு, ரெண்டு டீச்சர். ஒண்ணாவது ரெண்டாவது மூணாவதை ஒண்ணா உக்கார வெச்சிகினு ஒருத்தர் நடத்தறாரு, அவரு ஒவ்வொரு புள்ளையையும் தெனம் பத்து நிமிஷம் படிக்க வெச்சி கேக்க முடியுமா சொல்லுங்க. 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளைங்களோட நெலைமையைப் பாத்து பிரிச்சி நடத்தறாங்க, நல்ல திட்டம். ஆனா அரும்புல, அதான் முதல் படியில, இருக்கற புள்ள சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி மூலையில போட்டா, அதை எடுத்துப் பாக்கற கை வீட்டுலதானே இருக்கு.

கொரோனாவுல ஸ்கூல் மூடினதும் புள்ளைங்க எழுத்தை மறந்துடுச்சே, அதுவே ஸ்கூலோட பெருமைக்கு சாட்சின்னு எதிரணித் தம்பி சொன்னாரு. 2020 மார்ச்ல மூடினது, ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் தெறந்தாங்க. மறந்தது நெசம். அப்போ அரசாங்கம் என்ன பண்ணுச்சு? இல்லம் தேடிக் கல்வின்னு பேர் வெச்சி, தன்னார்வலருங்களைத் தெருத்தெருவா அனுப்புச்சு, சாயங்காலத்துல, வீட்டுப் பக்கத்துலயே. எங்க தெருவுல ஒரு அண்ணன் டீ விக்கிறவரு, ஊரடங்குல வேலையில்லாம இருந்தப்போ பழைய பேப்பரை எடுத்து வெச்சிகினு பொண்ணை தலைப்புச் செய்தி படிக்கச் சொல்லி கேட்டுகினு இருந்தாரு. அந்தப் பொண்ணு மறக்கலங்க.

வீடு கெடுக்கவும் செய்யும்னு சொன்னீங்களே டீச்சரம்மா, அதையும் ஒத்துக்கறேன். என் பையன் இப்போ ரெண்டாவது. ஒருநாள் வேலை முடிஞ்சி வந்த கடுப்புல, "பக்கத்து வீட்டுப் புள்ள எப்படி படிக்குது, நீயும் இருக்கியே"ன்னு கத்திட்டேன். ஒரு வாரம் புத்தகத்தைத் தொடல அவன். ஸ்கூல்ல நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க, அந்த ஒரு வாரமும் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா நான் சொன்ன ஒரு வார்த்தை அவனை நிறுத்திடுச்சு. வீட்டுச் சொல்லுக்கு அவ்ளோ கனம் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. அந்தக் கனத்தை நல்லதுக்கு வெச்சா என்ன ஆகும்னுதான் நான் கேக்கறேன்.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரே நிமிஷம். போன மாசம் அவனைக் குடியாத்தத்துக்குக் கூட்டிகினு போனேன். ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு, பீடி விட்டு ரொம்ப நாளாச்சு, முறமும் இல்ல கத்திரியும் இல்ல. செவுத்துல காலண்டர் இருக்கு. "டேய் கண்ணு, எனுக்கு இன்னா போட்டுகீது"ன்னு கேட்டுச்சு. அவன் ஸ்டூல் போட்டு ஏறி, வெரல வெச்சி, கடகத்தைத் தேடி, "பொ... று... மை"ன்னு படிச்சான். "காதுல வுழலடா, இன்னொரு வாட்டி படி." அவனும் "பொறுமை"ன்னு சத்தமா படிச்சான். திரும்பி வரும்போது பஸ்ல என் தோள்ல சாஞ்சிகினு, "ஆயாவுக்கு காது கேக்காதாம்மா?"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலங்க.

நன்றி, வணக்கம்.