கமா யார் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கில வாக்கியத்தில் கமா எங்கே வர வேண்டும் என்று வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒன்றைக் காதுக்குச் சொல்ல வேண்டும். ஆகவே கமா வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன். கையில் பேப்பரும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் ஒரு வாக்கியம். 'ஐ சா மை டீச்சர் வெயிட்டிங் ஃபார் த பஸ்.' வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் காத்து நின்றது யார்? டீச்சர். இப்போது டீச்சர் என்றதும் நிறுத்துகிறேன். 'ஐ சா மை டீச்சர், வெயிட்டிங் ஃபார் த பஸ்.' காத்து நிற்பது நான் என்று ஆகிவிட்டது. டீச்சர் ஸ்கூட்டரில்கூடப் போயிருக்கலாம். ஒரு சொல்கூட மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் கேட்டு வளர்ந்திருப்போம். தமிழில் அதை வைத்து ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலத்தில் அது காலை வாரிவிடும். அடையாக வரும் ஒரு துண்டு யாரைச் சேர்ந்தது, அந்தத் துண்டு அவசியமா, உபரியா என்பதையெல்லாம் அங்கே கமாதான் காட்டுகிறது.

இது நமக்கு ஏன் சட்டென்று பிடிபடுவதில்லை? திசையன்விளைப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஹூ, விச் போன்ற சொற்களை வைத்துச் சொல்வதைத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தை வைத்துச் சொல்கின்றன என்று அவர் அதில் எடுத்துக்காட்டியிருக்கிறார். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். 'தென்காசியில் இருக்கும் அண்ணன்' என்கிறோம். எனக்கு ஒரே அண்ணனா, நாலு அண்ணனா என்று இந்தத் தொடரை வைத்துச் சொல்ல முடியாது. அதைப் பற்றி நாம் கவலைப்படுவதும் இல்லை.

ஆங்கிலம் அதை விடாது. 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் தென்காசி இஸ் அ டாக்டர்.' நடுவில் கமா இல்லை என்றால் அண்ணன்மார் பலர், அதில் தென்காசி அண்ணன் டாக்டர். 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் தென்காசி, இஸ் அ டாக்டர்.' இரண்டு பக்கமும் கமா வந்துவிட்டால் இருப்பது ஒரே அண்ணன். தென்காசி கூடுதல் தகவல்.

வீட்டுப் பேச்சில் இது பெரிய சங்கதி இல்லை. நோட்டீஸ் போர்டில் வந்தால் சங்கதிதான். 'ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹாவ் நாட் பெய்ட் த ஃபீஸ் வில் நாட் கெட் ஹால் டிக்கெட்ஸ்.' கட்டணம் கட்டாதவர்களுக்கு மட்டும் ஹால் டிக்கெட் கிடையாது. ஹூவுக்கு முன்னால் ஒன்று, ஃபீஸுக்குப் பின்னால் ஒன்று என்று கமா போட்டுப் பாருங்கள். மாணவர்கள் மொத்தப் பேரும் கட்டணம் கட்டவில்லை, ஒருத்தருக்கும் ஹால் டிக்கெட் இல்லை என்று அர்த்தம்! முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவது இன்னும் மோசம். இந்த இடத்தில் கமா ஜோடியாகத்தான் வரும்.

சந்தேகம் வந்தால் அந்தத் துண்டைத் தூக்கிவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். சொல்ல வந்தது அப்படியே நிற்கிறதா? இரண்டு பக்கமும் கமா போடுங்கள். ஆள் யார் என்றே தெரியாமல் போகிறதா? கமா வேண்டாம்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். ஆக்ஸ்போர்டு கமா என்றும் ஒன்று உண்டு. பட்டியலில் கடைசி 'அண்ட்'டுக்கு முன்னால் போடுவது. அது வேறு பஞ்சாயத்து. இன்றைக்கு அதற்குள் போகவில்லை.

பஞ்சாயத்து என்றதும் கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரோஜர்ஸ் ஒரு கேபிள் கம்பெனி, அலையன்ட் ஒரு டெலிபோன் கம்பெனி. கம்பங்களில் கேபிள் கட்டிக்கொள்ள வாடகை ஒப்பந்தம் போட்டார்கள். அதன் ஷரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒப்பந்தம் ஐந்து ஆண்டு நடக்கும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகத் தொடரும், ஓராண்டுக்கு முன்னால் எழுத்தில் அறிவித்து முறித்துக்கொண்டால் ஒழிய. அந்த 'ஒழிய'வுக்கு ஆங்கிலத்தில் 'அன்லெஸ்'. அன்லெஸுக்குச் சற்று முன்னால் ஒரு கமா இருந்தது.

முறித்துக்கொள்வது அடுத்தடுத்த தவணைகளுக்குத்தான், முதல் ஐந்து ஆண்டில் யாரும் கைவைக்க முடியாது என்றது ரோஜர்ஸ். கமா போட்டுப் பிரித்துவிட்டதால் அந்தச் சலுகை முதல் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துத்தான் என்றது அலையன்ட். 2006இல் அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் கமாவைப் பார்த்து அலையன்ட் பக்கம் சொன்னது. ரோஜர்ஸ் விடவில்லை. கனடாவில் பிரெஞ்சும் ஆட்சிமொழி. அதே மாதிரி ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைக் கொண்டுவந்து காட்டியது. அதில் இந்தக் குழப்பம் இல்லை. 2007இல் ஆணையம், முதல் ஐந்து ஆண்டுக்குள் முறிக்க முடியாது என்று தன் முடிவை மாற்றிக்கொண்டது. என்னைக் கேட்டால், அத்தனை பணம் புழங்கும் ஒரு ஷரத்தை ஒற்றைக் கமாவை நம்பி விட்டதே தப்பு. இரண்டு வாக்கியமாக எழுதியிருக்க வேண்டும்.

கமா சரியாக இருந்தும் வாக்கியம் கவிழ்வது உண்டு. 'ஈட்டிங் அல்வா ஆன் த பிளாட்ஃபார்ம், த நெல்லை எக்ஸ்பிரஸ் லெஃப்ட்.' கமா இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அல்வா தின்றது ரயில்! 'செய்து' என்னும் வாய்ப்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும், அதாவது தின்றவரேதான் கிளம்பவும் வேண்டும் என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் 'அல்வா தின்று ரயில் கிளம்பியது' என்று தமிழில் எந்தப் பிள்ளையும் எழுதாது. 'தின்றுகொண்டிருக்கும்போது' என்றுதான் எழுதும், அது சரி. ஆங்கிலத்துக்குப் போகையில் அந்தப் 'போது'வைத் தொலைத்துவிடுகிறோம். 'வைல் ஐ வாஸ் ஈட்டிங்' என்று தொடங்கினால் தின்றவர் யார் என்பது தெளிவாகிவிடும்.

தமிழிலும் நமக்கு இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற இடத்தில், 'தென்காசியில் வேலை பார்க்கும் அக்காவின் மகன்' என்று எழுதி அனுப்பினால், படிப்பவர் "யாருக்குவே வேலை, அக்காளுக்கா, மவனுக்கா?" என்றுதான் கேட்பார். 'பார்க்கும்' என்பதை அடுத்து ஒரு கமா போடலாம், கொஞ்சம் உதவும். 'அக்காவின் மகன் தென்காசியில் வேலை பார்க்கிறான்' என்று இடம் மாற்றி எழுதினால் கேள்வியே எழாது.

கல்யாணப் பேச்சு வந்துவிட்டது, நேரமும் முடியப் போகிறது. அதிலேயே ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 'ஷி டிட் நாட் மேரி ஹிம் பிகாஸ் ஹி வாஸ் ரிச்.' பணக்காரன் என்பதால் அவனை வேண்டாம் என்றாளா? இல்லை, கட்டிக்கொண்டாள், ஆனால் பணத்துக்காக இல்லையா? 'ஹிம்' முடிந்ததும் கமா போட்டால் முதல் அர்த்தம் உறுதியாகிவிடும். இரண்டாவது அர்த்தத்துக்குக் கமாவை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. 'ஷி மேரிட் ஹிம், பட் நாட் ஃபார் ஹிஸ் மணி' என்று மாற்றித்தான் எழுத வேண்டும். வணக்கம்.