உங்க கண்ணே உங்க காதை ஏமாத்துது! நம்பலன்னா இதைப் பாருங்க

[திரையில்: ஒருத்தர் முகம் மட்டும். வாய் அசையுது.]

என்ன கேட்டுச்சு? 'டா... டா'தானே? இப்ப கண்ணை மூடிக்கிட்டு அதே கிளிப்பைக் கேளுங்க.

'பா... பா'! பாலான்னு கூப்பிடுவோமே, அந்த 'பா'. ஆடியோவுல நான் கை வைக்கலைங்க, சத்தியமா.

உண்மை என்னன்னா, குரல் சொன்னது 'பா'. வாய் சொன்னது 'கா', கங்காவுல வர்ற 'கா'. 'டா'வை யாருமே சொல்லலை!

இதுக்குப் பேரு மெக்கர்க் விளைவு. 1976, நேச்சர் இதழ், ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட். பெரியவங்கள்ல 98 சதவீதம் பேருக்கு இப்படித்தான் கேட்டுச்சாம். வரலாறு அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

ஏன் 'டா'? இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு பகுதி. எந்த எழுத்து வாயில எங்க பிறக்குதுன்னு ஒண்ணொண்ணா சொல்றாரு. 'ப'வுக்கு ரெண்டு உதடும் சேரணும். 'க'வுக்கு நாக்கோட அடி போய் அண்ணத்தைத் தொடணும். 'ட'வுக்கு? நாக்கு நுனி! வாசல்ல 'ப', கொல்லைப்புறத்துல 'க', நடுவுல 'ட'. சொல்லிப் பாருங்க, பக்கத்துல இருக்கிறவங்க முறைச்சா நான் பொறுப்பில்லை.

இப்ப மூளையோட பாட்டை யோசிங்க. "உதடு ஒட்டவே இல்லையே, 'பா' எப்படி வரும்?"னு கண்ணு கேக்குது. "நான் கேட்டது 'கா' இல்லை"ன்னு காது அடம்பிடிக்குது. நடுவுல ஒரு இடத்தைப் புடிச்சு பஞ்சாயத்தை முடிச்சு வைக்குது மூளை. அதுதான் 'டா'.

டப்பிங் படத்துல எதுவோ ஒட்டலைன்னு தோணுமே, அதுலயும் இந்த உதட்டுக்குப் பங்கு இருக்கு. உதடு மூடுற இடத்துல ப, ம வர்ற சொல்லாத் தேடிப் போடுறவங்கதான் நல்ல வசனகர்த்தா. ஆனா பாலாவுக்குப் பதிலா மாலான்னு மாத்தினா கண்ணு கண்டுபிடிக்காது, ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். உதட்டைப் படிச்சே பேச்சைப் புரிஞ்சுக்கிறவங்க பாடு எவ்வளவு கஷ்டம் பாருங்க!

ரகசியம் தெரிஞ்சுட்டா ஏமாற மாட்டோம்னு நினைக்கிறீங்களா? இந்த கிளிப்பை எடிட் பண்ணினதே நான்தான். எனக்கு இன்னும் 'டா'ன்னுதான் கேக்குது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. உங்களுக்கு 'பா'ன்னே கேட்டுதா? கமெண்ட்ல போடுங்க. இப்போதைக்கு டாடா! இதை மட்டும் நிஜமாவே நான்தான் சொன்னேன்.