தாத்தாவின் அக்கி, பேரனின் அம்மை

வணக்கம். அம்மையை, அதாவது சின்னம்மையைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் வந்தது என் வீட்டுக்காரருக்கு. வலது பக்க இடுப்பில் மட்டும், பாதி பெல்ட் போட்ட மாதிரி கொப்புளம். பார்த்ததுமே அவருடைய அக்கா "அக்கிடா" என்று சொல்லிவிட்டார். சட்டை உரசினாலே எரியும். மத்தியானத்தில் குப்புறப் படுத்துக் கிடப்பார், ஆறு வயதுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து காலமைன் தடவுவான். பஞ்சு கொடுத்தால் எறிந்துவிட்டு விரலாலேயே தடவுவான். நானும் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றேன்.

பதினைந்து நாள் கழித்துப் பையனுக்குக் காய்ச்சல். மறுநாள் வயிற்றிலும் முதுகிலும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. எல்லோரும் பள்ளிக்கூடத்தைத் திட்டினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் யாருக்காவது அக்கி வந்ததா?" என்பதுதான்.

இரண்டும் ஒரே கிருமியாம். அம்மை இறங்கிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அது உடம்பைவிட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்புகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயதாகி உடம்பு தளரும்போது, ஏதோ ஒரு நரம்பின் வழியாக அக்கியாக எழுந்து வருகிறது. அந்தக் கொப்புள நீர் அம்மை வராத பிள்ளைமேல் பட்டால் பிள்ளைக்கு அக்கி வராது, அம்மைதான் வரும். டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாரக்ஸில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்த காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வந்த அம்மை அது. அறுபது வருஷம் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சரி, வழக்கப்படி வாசலில் இலை கட்டினோம். நம் ஊரில் வேப்பிலை என்று பாதிப் பேர் கட்டுவது வேம்பு மாதிரியே இருக்கும் சிரிங்கா மரத்து இலையைத்தான். அதன் காய் விஷம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனி அறை, தனித் துண்டு, மீலி மீல் என்கிற சோளமாவுக் கூழில் மாஸ் என்கிற புளித்த பால் ஊற்றிக் கொடுத்தது, எல்லாம் சரிதான். ஆனால் இலை கட்டும்போதே நாள் கடந்துவிட்டது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அம்மை தொற்றும். அந்தச் சனிக்கிழமைதான் பையன் ஒரு பிறந்தநாள் விருந்தில் எல்லோர் மடியிலும் உருண்டுவிட்டு வந்திருந்தான். அங்கே நாத்தனார் மகள் நான்கு மாதக் கர்ப்பம்.

போன் செய்யக் கை வரவில்லை. "அம்மா வந்திருக்கிறாள் என்று வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே" என்று வளர்ந்தவள் நான். ஒரு ராத்திரியை வீணாக்கிவிட்டு, காலையில்தான் கூப்பிட்டேன். அவள் அன்றே போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். சின்ன வயதிலேயே அவளுக்கு அம்மை வந்துபோன அடையாளம் இரத்தத்தில் இருந்தது. இல்லையென்றால் பத்து நாளுக்குள் எதிர்ப்புச் சக்தி ஊசி போட்டாக வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கம்தான்.

மருந்து விஷயத்தில் ஒன்று. காய்ச்சலுக்கு டாக்டர் பேனடோ, அதாவது பாராசிட்டமால் மட்டும் போதும் என்றார். ஆஸ்பிரின் கூடவே கூடாது, அம்மை கண்ட பிள்ளைக்கு அது ஈரலையும் மூளையையும் பாதிக்கலாம். டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான், என் கைப்பையில் எப்போதும் கிடப்பது. அப்புறம், அம்மைத் தடுப்பூசி இங்கே அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பேரனுக்கு நாங்கள் போட்டிருக்கவில்லை.

கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகுதான் அவனைப் பள்ளிக்கு அனுப்பினோம். தாத்தா பத்து நாளாகக் குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பையன் அவர் சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்போ முதுகுல படுத்திருக்கா தாத்தா?" என்றான்.

"ஆமாடா."

"அப்போ எனக்கு யார் காலமைன் தடவுவா?"